பல் திருகுக்குப் பணம் போட்டவர்கள்

பல் இம்ப்ளான்ட் வைத்துக்கொள்ளலாமா என்று யோசிக்கிறவர் முதலில் விலையைக் கேட்பார். அடுத்து, "எத்தனை வருஷம் உழைக்கும் டாக்டர்?" என்பார். விலை இடத்துக்கு இடம் மாறும். இரண்டாவது கேள்விக்கு எந்த ஊரில் கேட்டாலும் ஏறக்குறைய ஒரே பதில்தான் வரும்: நூற்றுக்குத் தொண்ணூறு, தொண்ணூற்றைந்து பேருக்குப் பத்து வருஷம் தாண்டியும் நிற்கும். இந்த எண்ணில் பொய் இல்லை. யாரோ சிலர் நூற்றுக்கணக்கான பேருக்குத் திருகு பொருத்தி, வருஷா வருஷம் கூப்பிட்டு, எக்ஸ்ரே எடுத்து, அளந்து எழுதிவைத்ததால்தான் அது நமக்குக் கிடைத்திருக்கிறது. அந்த எக்ஸ்ரேக்கு ஆன செலவும் அளந்தவரின் சம்பளமும் யாருடைய கையிலிருந்து வந்தன என்று தேடப்போனால், வழியில் முயலின் காலெலும்பும் பீரங்கித் தொழிற்சாலையும் கைக்கடிகாரச் சுருள்வில்லும் எதிர்ப்படுகின்றன.

தேடலைச் சுவீடனில் தொடங்க வேண்டும். 1950களில் லுண்ட் பல்கலைக்கழகத்தில் பெர்-இங்வார் பிரோனமார்க் என்ற இளம் மருத்துவர் எலும்புக்குள் இரத்தம் எப்படி ஓடுகிறது என்பதை உயிருள்ள விலங்கிலேயே பார்க்க விரும்பினார். முயலின் காலெலும்பில் துளையிட்டு, உள்ளே ஒளி புகும்படி அமைத்த ஒரு சின்ன உலோகக் கூட்டைத் திருகிவிட்டு, நுண்ணோக்கியை அதன்மேல் வைத்துப் பார்த்தார். கூடு டைட்டானியத்தில் செய்தது. கைவேலை, விலையும் அதிகம். ஒரு முயலில் வேலை முடிந்ததும் கழற்றி அடுத்த முயலுக்குப் போடலாம் என்பது கணக்கு. கழற்றப்போனால் வரவில்லை. உலோகத்தின் மேலேயே எலும்பு வளர்ந்து பற்றிக்கொண்டிருந்தது.

இதைப் பற்றி எழுதுகிறவர்கள் தற்செயலாக நடந்த அற்புதம் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். எனக்கு அந்த ஆராய்ச்சிக்கான காரணம்தான் கண்ணில் படுகிறது. பல்லுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. இரத்த நுண்குழாய்களைப் பார்ப்பதற்கு ஒரு பல்கலைக்கழகம் இடமும் நேரமும் தந்தது; இதை வைத்து என்ன விற்பாய் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதில் சொல்ல அவரிடமும் எதுவும் இருந்திருக்காது. சிக்கிக்கொண்ட கூட்டைப் பார்த்து எரிச்சல்பட்டு, உலோகத்தை மாற்றிவிட்டு, இரத்த ஓட்டத்துக்கே அவர் திரும்பியிருந்தாலும் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

அவர் அப்படிச் செய்யவில்லை. 1960ல் கோதன்பர்க் பல்கலைக்கழகத்துக்கு மாறிய பிறகு நாய்களின் தாடையில் டைட்டானியம் வேர்களைப் பொருத்தி அவற்றின்மேல் பல் கட்டிப் பார்த்தார். தன்னார்வலர்களின் மேற்கையில் டைட்டானியக் கூடுகளை மாதக்கணக்கில் பதித்து வைத்தும் பார்த்தார். தசை வீங்கவில்லை, ஒதுக்கவும் இல்லை. 1965ல் யோஸ்டா லார்சன் என்பவர் வந்தார். பிறவியிலேயே தாடை சரியாக அமையாதவர், கீழ்த்தாடையில் பல்லே இல்லை. நான்கு திருகுகள் பொருத்தப்பட்டன. 2006ல் அவர் இறக்கும்வரை, நாற்பது ஆண்டுகளுக்கு மேல், அவை உழைத்தன.

லார்சன் கதை அழகானது. ஆனால் ஒருவர் கதையை வைத்து நூறு பேருக்குச் சிகிச்சை செய்ய முடியாது. ஆரம்ப ஆண்டுகளில் தோல்விகள் நிறைய. எலும்பை எவ்வளவு மெதுவாகத் துளைக்க வேண்டும், எவ்வளவு தண்ணீர் விட்டுக் குளிர்விக்க வேண்டும், திருகு போட்டபின் எத்தனை மாதம் அதன்மேல் பாரம் ஏற்றாமல் விட வேண்டும் என்பதெல்லாம் ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டவை. அதற்கெல்லாம் பணம் வேண்டும். சொந்த நாட்டில் அவர் விண்ணப்பங்கள் நிராகரிக்கப்பட்டன. உலோகத்தை உடல் ஏற்காது, எலும்புக்கும் உலோகத்துக்கும் நடுவே எப்போதும் ஒரு நார்ப்படலம் வந்தே தீரும் என்பது அன்றைய பாடப்புத்தகம். பாடப்புத்தகத்துக்கு எதிராக எழுதிய விண்ணப்பத்தை மதிப்பிட உட்காருகிறவர்கள் பாடப்புத்தகம் எழுதியவர்கள்தான்! கடைசியில் கைகொடுத்தது அமெரிக்க அரசின் என்.ஐ.எச். எனப்படும் தேசிய நலவாழ்வு நிறுவனம்.

சகாக்களின் மனநிலை எப்படி இருந்தது என்பதற்கு ஒரு சம்பவம் போதும். 1969ல் லான்ட்ஸ்க்ரோனா என்ற ஊரில் பல் மருத்துவர்களுக்குப் பேசப் போயிருந்தார் பிரோனமார்க். பேச்சு முடிந்ததும் மூத்த பேராசிரியர் ஒருவர் எழுந்து, ரீடர்ஸ் டைஜஸ்டில் தன்னைப் பற்றி எழுத விடுகிறவர்களை நான் நம்புவதில்லை என்கிற பொருளில் ஏதோ சொல்லி அரங்கைச் சிரிக்க வைத்தார். அந்தப் பத்திரிகையில் அப்போதுதான் பிரோனமார்க் பற்றிய கட்டுரை வந்திருந்தது. அந்தப் பேராசிரியரோ ஒரு பல்குத்தி நிறுவனத்தின் சரக்கைப் பரிந்துரைத்து ஊரறிந்தவர். பிரோனமார்க் விடவில்லை: பல்குத்திப் பெட்டியின் முதுகில் விளம்பரத்துக்கு நிற்பவர்களை நானும் நம்புவதில்லை என்று திருப்பிக் கொடுத்தார். வெறும் வாய்ச்சண்டைதான். ஆனாலும் யாருடைய காசு யாருடைய வாயில் பேசுகிறது என்ற சந்தேகம் இந்தத் துறையில் ஆரம்பத்திலிருந்தே உண்டு என்பதை இது காட்டுகிறது.

1970களின் நடுவில்தான் சுவீடனின் சுகாதார வாரியம் இந்த முறையை ஏற்றது. 1977ல் பத்தாண்டு அனுபவத்தைத் தொகுத்த அறிக்கை வெளிவந்தது, 1981ல் பதினைந்தாண்டுக் கணக்கு. 1982 மே மாதம் டொராண்டோவில் ஜார்ஜ் சார்ப் என்ற பேராசிரியர் கூட்டிய மாநாட்டுக்குப் பிறகு வட அமெரிக்கப் பல் மருத்துவக் கல்லூரிகள் நிமிர்ந்து உட்கார்ந்தன.

இதற்குள் பணம் வரும் வழியே மாறியிருந்தது. ஆய்வகத்தில் கடைந்த திருகை உலகத்துக்கே செய்து கொடுக்க ஒரு தொழிற்சாலை வேண்டும். கடினமான உலோகத்தை மைக்ரான் பிசகாமல் கடையத் தெரிந்தவர்கள் வேண்டும். 1978ல் பிரோனமார்க் கைகோத்த நிறுவனம் போஃபர்ஸ். ஆமாம், நமக்குத் தெரிந்த அதே போஃபர்ஸ்தான். 1986ல் இந்திய ராணுவத்துக்கு 410 பீரங்கிகள் விற்க ஒப்பந்தம் போட்டு, மறுவருஷம் நம் அரசியலையே கலக்கிய நிறுவனம். அதன் கீழ் 1981ல் நோபல்ஃபார்மா தொடங்கப்பட்டது. பிற்காலத்தில் அது நோபல் பயோகேர் ஆயிற்று. பெயரில் உள்ள நோபல், போஃபர்ஸின் பழைய உரிமையாளரை நினைவூட்டுகிறது. டைனமைட் நோபல் தன் கடைசி ஆண்டுகளில் போஃபர்ஸை வைத்திருந்தவர். பிரோனமார்க்குக்கு நோபல் பரிசு கிடைக்கவே இல்லை என்பது தனிக்கதை. 2014ல் அமெரிக்காவின் டானஹர் குழுமம் நோபல் பயோகேரைச் சுமார் 220 கோடி டாலருக்கு வாங்க ஒப்பந்தம் செய்தது. அதே ஆண்டு டிசம்பரில் பிரோனமார்க் காலமானார்.

சுவிட்சர்லாந்தில் கதை எதிர்த்திசையிலிருந்து வருகிறது. அங்கே தொழிற்சாலைதான் முதலில். கடிகாரத்துக்குள் இருக்கும் மெல்லிய சுருள்வில், வெயிலிலும் குளிரிலும் நீளம் மாறாமல் இருந்தால்தான் நேரம் பிசகாது. அதற்கான கலப்பு உலோகத்தை உருவாக்கிய ரைன்ஹார்ட் ஸ்ட்ராமன், 1954ல் வால்டன்பர்க் என்ற ஊரில் ஓர் ஆய்வுக்கூடம் ஆரம்பித்தார். பிறகு முறிந்த எலும்பைச் சேர்க்கும் தகடு, திருகுகளுக்கான உலோகங்களில் அது இறங்கியது. 1974ல் பெர்ன் பல்கலைக்கழகத்தின் ஆன்ட்ரே ஷ்ரோடரோடு சேர்ந்து பல் இம்ப்ளான்ட் வேலையைத் தொடங்கியது. 1980ல் ஷ்ரோடரும் ஃபிரிட்ஸ் ஸ்ட்ராமனும் இணைந்து ஐ.டி.ஐ. என்ற கல்வி அமைப்பை நிறுவினார்கள். லாபநோக்கு இல்லாதது, பாசலில் தலைமையகம். உலகெங்கும் உள்ள இம்ப்ளான்ட் ஆய்வாளர்களுக்கு ஆய்வு நிதியும் இளம் மருத்துவர்களுக்கு உதவித்தொகையும் தருகிறது. அதன் பின்னால் ஸ்ட்ராமன் நிறுவனத்தின் ஆதரவு இருக்கிறது. அந்த நிறுவனத்தின் 2023ஆம் ஆண்டு விற்பனை சுமார் 240 கோடி சுவிஸ் ஃபிராங்க்.

இது தனி ஒரு நிறுவனத்தின் வழக்கம் அல்ல. தாடையில் எலும்பு போதாதபோது நிரப்பும் பொருளை, மாட்டெலும்பிலிருந்து தாதுவை மட்டும் பிரித்தெடுத்துச் செய்கிறது கைஸ்ட்லிக் என்ற சுவிஸ் நிறுவனம். 2003ல் அது ஆஸ்டியாலஜி அறக்கட்டளையைத் தொடங்கி வைத்தது. அந்த அறக்கட்டளையும் ஆய்வு நிதி தருகிறது. விண்ணப்பங்களை வல்லுநர் குழு பார்க்கிறது. வெளிவரும் கட்டுரைகள் பல தரமானவை. ஆனால் எந்தத் துறைக்கு நிதி என்று கேட்டால், வாய்த்திசுவையும் எலும்பையும் மீட்டு வளர்ப்பதற்கு. நிறுவனம் விற்கும் பொருளும் அதே வட்டாரத்தில்தான் இருக்கிறது.

தொழிற்சாலைப் பணத்தைத் திட்டுவது சுலபம். அது சாதித்ததைக் கிட்டத்தில் போய்ப் பார்த்துவிட்டுத் திட்டலாம். இம்ப்ளான்ட் திருகின் மேற்பரப்பை எடுத்துக்கொள்வோம். பிரோனமார்க்கின் திருகு கடைசலில் கடைந்தபடியே, தொட்டால் வழுவழுவென்று இருக்கும். சொரசொரப்பாக இருந்தால் எலும்பு இன்னும் நன்றாகப் பிடிக்குமா? 1991ல் டேனியல் பூசரும் அவர் சகாக்களும் குட்டையின பன்றிகளின் காலெலும்பில் பலவித மேற்பரப்புகளை வைத்துப் பார்த்தார்கள். மின்முறையில் பளபளப்பாக்கிய உலோகத்தில் எலும்பு தொட்டிருந்த பரப்பு 20 முதல் 25 சதவீதம். பெரிய துகள்களை வேகமாக வீசியடித்துச் சொரசொரப்பாக்கிய உலோகத்தில் 30 முதல் 40. அப்படி அடித்தபின் ஹைட்ரோகுளோரிக், கந்தக அமிலங்களில் முக்கி எடுத்ததில் 50 முதல் 60. எலும்புத்தாது பூசியதில் 60 முதல் 70 வரை போனது; ஆனால் பூச்சு கரையத் தொடங்கியிருந்தது. ஆகவே அமிலத்தில் முக்கியதுதான் வென்றது. அந்த மேற்பரப்போடு 1990களின் கடைசியில் திருகுகள் சந்தைக்கு வந்தன. பல் கட்ட முன்பு மூன்று மாதமும் அதற்கு மேலும் காத்திருந்த இடத்தில் ஆறு வாரம் போதும் என்றானது. இன்று விற்கும் திருகுகளில் பெரும்பாலானவை ஏதோ ஒருவிதச் சொரசொரப்பு உடையவை.

இப்படிப்பட்ட கேள்விக்குத் தொழிற்சாலை மனமுவந்து பணம் தரும். பதில் சில மாதங்களில் கிடைக்கும். கிடைத்தால் காப்புரிமை, புது மாடல், புது விலை. பல்கலைக்கழகத்துக்குக் கட்டுரை, நிறுவனத்துக்குச் சரக்கு, நோயாளிக்குக் காத்திருப்பு மிச்சம். எல்லோருக்கும் லாபம்.

சிக்கல் மெதுவாகப் பதில் தரும் கேள்விகளில் இருக்கிறது. திருகைச் சுற்றி எலும்பு தேய்கிறதா? எவ்வளவு வேகமாக? இதை அளப்பது எவ்வளவு நுணுக்கமான வேலை என்பதைச் சொல்ல வேண்டும். 1986ல் ஆல்பிரெக்ட்சன், சார்ப் முதலியோர் வகுத்த அளவுகோலின்படி, முதல் வருஷத்துக்குப் பிறகு ஆண்டுக்கு 0.2 மில்லிமீட்டருக்கு மேல் எலும்பு குறையக்கூடாது. எக்ஸ்ரே படத்தில் 0.2 மில்லிமீட்டரைப் பார்க்க, ஒவ்வொரு தடவையும் அதே கோணத்தில் படம் எடுக்க வேண்டும். அதற்காக நோயாளியின் கடிக்கு ஏற்றபடி அக்ரிலிக்கில் ஒரு தாங்கி செய்து, பெயர் எழுதி, வருஷக்கணக்கில் பத்திரப்படுத்துவார்கள். படத்தில் அளவுகோலாகத் திருகின் மரையே பயன்படும். பிரோனமார்க் திருகில் மரைக்கு மரை 0.6 மில்லிமீட்டர், எத்தனை மரை வெளியே தெரிகிறது என்று எண்ணினால் எவ்வளவு எலும்பு போயிற்று என்று தெரிந்துவிடும்.

சரி, இதை நூறு பேருக்குப் பத்து வருஷம் செய்யுங்கள். நாலாவது வருஷம் ஒருவர் மகன் வீட்டோடு வேறு ஊருக்குப் போய்விடுவார். ஆறாவது வருஷம் இரண்டு பேர் இறந்திருப்பார்கள். அக்ரிலிக் தாங்கி எந்த அலமாரியில் என்று அறிந்த உதவியாளர் வேலை மாறியிருப்பார். நிதி தரும் அமைப்புகளோ மூன்று வருஷம், ஐந்து வருஷம் என்று கணக்கு வைக்கின்றன. விற்பவருக்கும் இதில் அவசரம் இல்லை. பத்தாம் வருஷம் முடிவு வரும்போது அந்த மாடல் விற்பனையிலேயே இருக்காது, அடுத்தது வந்திருக்கும்.

வெற்றி என்பதற்கே அளவுகோல் காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது. 1978ல் என்.ஐ.எச்.சும் ஹார்வர்டும் சேர்ந்து நடத்திய மாநாடு, ஐந்து வருஷத்தில் நூற்றுக்கு எழுபத்தைந்து இம்ப்ளான்ட்கள் வேலை செய்தால் போதும் என்றது. அவை ஒரு மில்லிமீட்டருக்குள் ஆடினாலும் பரவாயில்லையாம்! தகடு போன்ற பழைய இம்ப்ளான்ட்கள் புழங்கிய காலம் அது. அரசு பணம் செலவழித்து ஆதாரங்களைத் தேடிப் பார்த்தபோது கிடைத்ததை வைத்து அவ்வளவுதான் கேட்க முடிந்தது. எட்டு வருஷம் கழித்து வந்த அளவுகோல் துளியும் ஆடக்கூடாது என்றது, ஐந்தாண்டுக்கு 85 சதவீதம், பத்தாண்டுக்கு 80 சதவீதம் வேண்டும் என்றது. இன்றோ பல கட்டுரைகள் 'நிற்கிறதா, விழுந்துவிட்டதா' என்று மட்டும் எண்ணுகின்றன. சீழ் வடிந்துகொண்டு நிற்பதும் நிற்பதுதான். ஆரம்பத்தில் பார்த்த தொண்ணூற்றைந்து எந்த வகை என்று கேட்டுப் பார்ப்பது நல்லது.

சட்டமும் தொழிற்சாலையைப் பெரிதாக நெருக்குவதில்லை. அமெரிக்காவில் வேர் வடிவ இம்ப்ளான்ட்களை 2004ல் மூன்றாம் வகுப்பு மருத்துவக் கருவியிலிருந்து இரண்டாம் வகுப்புக்கு இறக்கினார்கள். புதிய திருகு ஏற்கெனவே சந்தையில் உள்ள ஒன்றுக்கு நிகரானது என்று காட்டினாலே பெரும்பாலும் அனுமதி கிடைக்கும். மனிதர்களிடம் புதிதாகச் சோதனை நடத்த வேண்டிய கட்டாயம் எல்லாவற்றுக்கும் இல்லை. உலகில் நூற்றுக்கணக்கான இம்ப்ளான்ட் பிராண்டுகள் புழங்குகின்றன. அவற்றில் ஒரு சிலவற்றுக்குத்தான் நீண்டகால ஆய்வு இருக்கிறது. மற்றவை அந்தச் சிலவற்றின் நிழலில் நிற்கின்றன.

பணம் எப்போதும் காசோலையாக வருவதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். இம்ப்ளான்ட் ஆராய்ச்சியில் சரக்காக வருவதே அதிகம் பழக்கம். அறுபது திருகுகள் இலவசம், பொருத்தும் கருவிப்பெட்டி இலவசம், பேச்சாளராக மாநாட்டுக்குப் போகச் செலவு அவர்களுடையது. கட்டுரையின் கடைசியில் நன்றி அறிவிப்பில் பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும்: திருகுகளை இன்ன நிறுவனம் கொடுத்து உதவியது. அந்த வரியாவது இருந்தால் நல்லது.

இல்லாதது எவ்வளவு என்று பிரெஞ்சு ஆய்வாளர்கள் சிலர் எண்ணிப் பார்த்தார்கள். அன்டுவான் பொப்லூவும் சகாக்களும் 2010ல் வெளியிட்ட ஆய்வு அது. இம்ப்ளான்ட் ஆயுள் பற்றிய 41 சோதனைகளை எடுத்துக்கொண்டார்கள். அவற்றில் 26ல், அதாவது 63 சதவீதத்தில், பணம் எங்கிருந்து வந்தது என்றே எழுதவில்லை. ஆய்வாளரின் சொந்த நலன் பற்றிய அறிவிப்பு இரண்டே இரண்டில் இருந்தது. பிறகு தோல்விக் கணக்கைப் பார்த்தார்கள். நிறுவனத்தோடு தொடர்பில்லாத சோதனைகளோடு ஒப்பிட்டால், நிறுவனத் தொடர்புள்ள சோதனைகளில் இம்ப்ளான்ட் தோற்பதற்கான வாய்ப்பு விகிதம் ஐந்தில் ஒரு பங்குதான். பணம் யாருடையது என்று சொல்லாதவற்றில் மூன்றில் ஒரு பங்கு. சொல்லாதவை எந்தப் பக்கத்துக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்திருக்கின்றன என்பதைக் கவனியுங்கள்.

உடனே மோசடி என்று கூவ வேண்டாம். கல்யாணத் தரகர் பொய் சொல்லாமலே ஒரு வரனைப் பற்றி நல்ல விதமாக மட்டும் பேசிவிட முடியும். நிறுவனம் பணம் போடும் சோதனை பெரும்பாலும் கைதேர்ந்த நிபுணரிடம் போகும். அவர் புகைபிடிக்காதவரை, சர்க்கரை கட்டுக்குள் இருப்பவரை, எலும்பு தடித்திருப்பவரைத் தேர்ந்தெடுப்பார். அளவீடு நேர்மையானது, கணக்கும் சரி. ஆனால் தெருமுனை கிளினிக்கில், வெற்றிலை போடும் அறுபத்தெட்டு வயதுக்காரருக்கு, வாரக்கடைசியில் பயிற்சி வகுப்பு முடித்து வந்த மருத்துவர் பொருத்தும் திருகைப் பற்றி அந்த எண் எதுவும் சொல்வதில்லை.

அந்தச் சாதாரணர்களைப் பற்றிக் கேட்டவர் விற்பவரும் அல்ல, பொருத்துபவரும் அல்ல, பில் கட்டியவர். இந்த விஷயத்தில் நான் படித்தவற்றிலேயே எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு அதுதான். சுவீடனில் முதியவர்களின் பல் சிகிச்சைச் செலவில் பெரும்பகுதியை அரசின் சமூகக் காப்பீடு ஏற்கத் தொடங்கியபோது, யாருக்கு எப்போது என்ன பொருத்தப்பட்டது என்ற பதிவு அரசிடம் தானாகவே சேர்ந்தது. கோதன்பர்க் பல்கலைக்கழகத்தின் யான் டெர்க்ஸ், டோர்ட் பெர்லுண்ட் குழு அந்தப் பதிவிலிருந்து, 2003ல் சிகிச்சை பெற்றவர்களைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்தது. எந்த டாக்டரிடம் போனார், எந்தத் திருகு, புகைபிடிப்பாரா என்று பார்த்து ஒதுக்கவில்லை. ஒன்பது வருஷம் கழித்து 596 பேரை வரவழைத்து வாயைத் திறந்து பார்த்தார்கள். காப்பீட்டு அமைப்பும் சுவீடன் அரசின் ஆராய்ச்சி மன்றமும் இதற்கு நிதி தந்தன.

2015லும் 2016லும் முடிவுகள் வந்தன. திருகுகள் பெரும்பாலும் நிற்கத்தான் செய்தன. ஆய்வுக் கூடத்தில் சொன்னது அந்த அளவில் பொய்க்கவில்லை. ஆனால் ஈறில் இரத்தக் கசிவும் அரை மில்லிமீட்டருக்கு மேல் எலும்பு இழப்பும் சேர்ந்து இருந்தவர்கள் 45 சதவீதம். இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் எலும்பு போனவர்கள் 14.5 சதவீதம். இந்த நோய்க்குப் பெரி-இம்ப்ளான்டைட்டிஸ் என்று பெயர். வலிக்காது, ஆடாது, அதனால் நோயாளிக்குத் தெரியாது. ஏற்கெனவே ஈறு நோய் இருந்தவர்களுக்கும் நான்கு அல்லது அதற்கு மேல் திருகு வைத்தவர்களுக்கும் சிறப்பு மருத்துவர் அல்லாதவரிடம் பல் கட்டிக்கொண்டவர்களுக்கும் ஆபத்து கூடுதல். எந்த பிராண்ட் என்பதைப் பொறுத்தும் வித்தியாசம் தெரிந்தது. கடைசியாகச் சொன்னதைக் கண்டுபிடிக்க எந்த பிராண்ட்காரர் பணம் தந்திருப்பார்?

அமெரிக்காவில் பொதுப்பணம் இதைவிடப் பெரியது, ஆனால் வேறு திசையில் போகிறது. பல், தாடை ஆராய்ச்சிக்கென்று என்.ஐ.எச்.சில் 1948லேயே தனி நிறுவனம் அமைத்தார்கள். அதன் 2023ஆம் ஆண்டு ஒதுக்கீடு சுமார் 52 கோடி டாலர்; என்.ஐ.எச்.சின் மொத்தத்தில் ஏறத்தாழ ஒரு சதவீதம். அதற்குள் வாய்ப்புற்றுநோய், சொத்தைப்பல், பிளவுபட்ட உதடு, முகவலி எல்லாம் அடங்க வேண்டும். டைட்டானியத் திருகை இன்னும் கொஞ்சம் நன்றாக்குவது கம்பெனிகளின் வேலை என்று விட்டுவிட்டு, இழந்த எலும்பையும் திசுவையும் மறுபடி வளர்ப்பதில் அந்த நிறுவனம் கூடுதலாகப் பணம் போடுகிறது. நியாயமான முடிவுதான். ஆனால் கோடிக்கணக்கான வாய்களில் ஏற்கெனவே இருக்கும் திருகுகளைப் பத்தாம் வருஷம் கூப்பிட்டுப் பார்க்கும் வேலை இருவர் பட்டியலிலும் இல்லாமல் போகிறது.

இந்தியாவிலும் பொதுப்பணம் ஒருமுறை இந்தப் பக்கம் வந்தது. வெளிநாட்டுத் திருகின் விலை கட்டுப்படியாகாததால், மத்திய அரசின் ஆராய்ச்சி மன்றமான சி.எஸ்.ஐ.ஆரின் நிம்ட்லி என்ற திட்டத்தின்கீழ் டெல்லி ஐ.ஐ.டி.யும் மௌலானா ஆசாத் பல் மருத்துவ நிறுவனமும் சேர்ந்து உள்நாட்டு இம்ப்ளான்ட் ஒன்றை உருவாக்கின. பொருளை உருவாக்க நிதி கிடைக்கிறது. உருவாக்கியதைப் பின்தொடர்வதுதான் பாடு. நம் பல் மருத்துவக் கல்லூரிகளில் இம்ப்ளான்ட் பற்றி நடக்கும் ஆய்வுகளில் ஏராளமானவை எம்.டி.எஸ். மாணவர்களின் ஆய்வேடுகள். படிப்பே மூன்று வருஷம். தலைப்புக்கு அனுமதி, நெறிமுறைக் குழு, நோயாளி தேடல் எல்லாம் போக மிஞ்சுவது ஆறு மாதமோ ஒரு வருஷமோதான். செலவு பல இடங்களில் மாணவரின் சொந்தப் பையிலிருந்து. இல்லாவிட்டால் கம்பெனி பிரதிநிதி தள்ளுபடியில் தரும் பத்திருபது திருகுகள். நோயாளியும் இங்கே பெரும்பாலும் சொந்தக் காசில்தான் வைத்துக்கொள்கிறார். அதனால் சுவீடனைப்போல் பில் கட்டும் ஒரு பெரிய கை, என் பணம் என்ன ஆயிற்று என்று திரும்பிக் கேட்பதற்கு இல்லை.

ஜப்பானில் பல்லையே முளைக்க வைக்கப் பார்க்கிறார்கள். பல் வளர்ச்சியைத் தடுக்கும் யு.எஸ்.ஏ.ஜி-1 என்ற புரதத்தை அடக்கும் மருந்தைக் கட்சு தகஹாஷியின் குழு எலிகளிலும் ஃபெரெட்டுகளிலும் வெற்றிகரமாகச் சோதித்தது. 2020ல் அதற்கென்று டோரெஜெம் பயோஃபார்மா என்ற நிறுவனம் தொடங்கியது. அரசின் மருத்துவ ஆராய்ச்சி முகமையும் நிதி தந்தது. 2024ல் கியோட்டோ பல்கலைக்கழக மருத்துவமனையில் பல் இழந்த ஆண்கள் சிலரிடம் முதல்கட்டச் சோதனை தொடங்கியது. அதில் பார்க்க முனைந்தது மருந்து ஆபத்தில்லாததா என்பதை மட்டும்தான். அரசுப் பணமும் முதலீட்டாளர் பணமும் இங்கே ஒரே சமயத்தில் உள்ளே இருக்கின்றன. அப்படி முளைக்கும் பல்லை யார் எத்தனை வருஷம் கண்காணிப்பார்கள் என்பது அந்த ஒப்பந்தங்களில் எழுதப்பட வேண்டிய விஷயம்.

அதுவரை நம் தாடைக்குக் கிடைப்பது திருகுதான். வைத்துக்கொள்ளப் போகிறவர்களுக்கு ஒரு சின்ன வேலை உண்டு. முறையான திருகு, கிருமி நீக்கிய குப்பியில் அடைத்து வரும். பெட்டியில் உரித்து ஒட்டும் சீட்டுகள் இரண்டு மூன்று இருக்கும். பிராண்ட், விட்டம், நீளம், தொகுதி எண் எல்லாம் அதில் அச்சாகியிருக்கும். ஒன்றை மருத்துவர் தன் கோப்பில் ஒட்டிக்கொள்வார். இன்னொன்றைக் கேட்டு வாங்கி ஆதார் நகல் வைக்கும் உறையிலேயே போட்டுவையுங்கள். எட்டு வருஷம் கழித்து வேறு ஊரில் வேறு மருத்துவர் அந்தத் திருகின் மேல்பாகத்தைக் கழற்ற வேண்டி வந்தால், எந்தச் சாவி பொருந்தும் என்று அறிய அவர் முதலில் கேட்பது அந்தச் சீட்டைத்தான்.